கொக்கி பார்த்த பக்கம்

பென்சில்வேனியாவில் பழைய ராணுவத் துப்பாக்கி சேர்ப்பவர்களுக்கு, ஓய்வுபெற்ற தபால்காரர் டெல்பர்ட் என்றாலே கிலி. யார் துப்பாக்கியைக் காட்டினாலும், அதைத் தோளில் தொங்கவிடும் தோல்வாரைப் பார்த்து, "வார் தப்பு" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தம்முடைய 1918ஆம் வருடத் துப்பாக்கிக்கு, அதே வருடத்துத் தோல்வாரை மூன்றாண்டு தேடிப் பிடித்து மாட்டி, பழைய துப்பாக்கிகளுக்கான கண்காட்சிப் போட்டியில் வைத்தார்.

நடுவர் நார்மா குனிந்து பார்த்தார். "வார் சரியானதுதான். மாட்டினதுதான் தப்பு. பித்தளைக் கொக்கி வெளிய பாக்கணும். உள்ள பாத்தா துப்பாக்கியோட மரக்கட்டையைக் கீறும். கீறியிருக்கு பாருங்க."

"அது போர்ல பட்ட கீறலுங்க" என்றார் டெல்பர்ட்.

"போன வாரம் எங்க போர் நடந்துச்சு? கீறல் இன்னும் புதுசா வெளுத்துக் கிடக்கே."

நடுவருக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று வீட்டில் மனைவியிடம் சொன்னார் டெல்பர்ட். மறுநாள், சுவரில் இருந்த ஏழு துப்பாக்கிகளின் கொக்கிகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டினார்.