ஹெக்டர் கில்ஃபிலனின் வலது கண்

ஸ்காட்லாந்தில் கிரீனக் ஊரின் கப்பல் கட்டும் தளத்தில் ஹெக்டர் கில்ஃபிலனுக்கு இரும்புத் தகடுகளில் ஆணி அறைகிற வேலை. மாலையானால் எங்கள் குத்துச்சண்டைக் கிளப்புக்கு வந்துவிடுவான். சண்டைகளில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்து, முகம் துடைத்து, மேடையின் மூலையில் நின்று கத்துவது நான். எட்டு வருஷம் அப்படி நின்றேன். என்னைவிட அவனைத் தெரிந்தவன் ஊரில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

பத்தொன்பது வயதில், பழுக்கக் காய்ச்சிய ஆணியிலிருந்து பொறி தெறித்து அவன் வலது கண்ணில் விழுந்தது. ஒரு வாரம் கட்டுப் போட்டிருந்தான். "சரியாப் போச்சு ரோரி அண்ணே" என்று கையுறையை மாட்டிக்கொண்டான். நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் முகத்தைச் சற்று வலப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சண்டை போட ஆரம்பித்தான். "பாருங்கடா, துரை போட்டோவுக்கு நிக்கிறாரு!" என்று கூட்டத்தில் கத்துவார்கள். 1952-லும் 1953-லும் அவன் ஸ்காட்லாந்தின் அமெச்சூர் சாம்பியன் ஆனான். கேலி செய்தவர்களே பிறகு அவன் நிற்கிற மாதிரி நின்று பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் வெளிநாட்டுப் போட்டிக்குத் தேர்வானான். பரிசோதனைக்காக கிளாஸ்கோ போனோம். டாக்டர் வயதான அம்மா. வலது கண்ணை மூடிக்கொண்டு, சுவரில் தொங்கிய அட்டையைப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரை படித்தான். இடது கண்ணை மூடச் சொல்லிவிட்டு, அட்டையைச் சத்தமில்லாமல் திருப்பி மாட்டினார். ஹெக்டர் அதே எழுத்துகளைக் கடகடவென்று ஒப்பித்தான்.

"தம்பி, இதுல எழுத்தே இல்ல. வெறும் நம்பருதான் இருக்கு" என்றார் டாக்டர்.

நான் ஹெக்டர் பக்கம் திரும்பினேன்.

"எத்தன வருஷமாடா?"

"பொறி விழுந்த அன்னிலேருந்து, அண்ணே. வெளிச்சம்கூடத் தெரியாது."

"அந்தக் கண்ண நூறு தடவ தொடச்சிருக்கேனேடா! ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா மேடையேற விட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். ஆனால் சண்டைக்குச் சண்டை, "வலது பக்கம் அடி வருது, கண்ணு தெரியலயா உனக்கு?" என்று கத்தியவன் நான்தான்.

அவன் வீட்டில் மனைவி ஈசா ஹெர்ரிங் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அடப்பாவி! தெருவுல போகும்போதெல்லாம் என்ன இழுத்து இடது பக்கம் விட்டுக்குவியே... என்மேல வண்டி மோதிடும்னு நீ பயப்படுறியோன்னுல்ல நெனச்சேன்!" மீன் கருகிப் புகைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

இனிச் சண்டை போடக் கூடாது என்று குத்துச்சண்டைச் சங்கம் எழுதி அனுப்பியது. பட்டங்களைப் பறிக்கவில்லை. சாம்பியன் பட்டத்துக்கான இறுதிச் சண்டையில் அவனிடம் தோற்ற பக்கன் என்பவன் கிர்காடியிலிருந்து ரயிலேறி வந்து, அவன் வலது கண்ணுக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தான். இமை அசையவில்லை. "ஒத்தக் கண்ண வச்சுக்கிட்டா என்ன அந்த அடி அடிச்ச?" என்றவன், டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

ஹெக்டர் தளத்தின் கிடங்கில் முப்பது வருஷம் சாமான் எடுத்துக் கொடுத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான். மேடை மூலையில் நிற்பதை நான் அந்த வாரமே விட்டுவிட்டேன்.