இனி அழுவாதுங்க டீச்சர்

பக்கத்து வீட்டுப் பெண் ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். போன வாரம் வந்து, டீச்சிங் எய்டுக்கு ஒரு துணிப் பொம்மை தைத்துத் தர முடியுமா என்று கேட்டாள். சார்ட், மணிச்சட்டம், மண் பழங்கள்... எது வேண்டுமானாலும் செய்து தருகிறேன், பொம்மை மட்டும் கேட்காதே என்றேன். சிரித்துவிட்டாள்.

முப்பது வயசில் பொம்மைக்குப் பயமா என்று நீங்களும் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... கதையைக் கேட்டுவிட்டு.

பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே பயிற்சியில்தான் இருந்தேன். சூரமங்கலத்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். என்னைப் போட்டதோ எருமப்பட்டியில் பஸ் இறங்கி நடந்து போக வேண்டிய ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். ஊர்ப் பெயர் வேண்டாமே. இரண்டாம் வகுப்பு, நான்கு வாரம்.

மூன்றாம் நாள் 'நடித்துக் காட்டல்' பாடம். வீட்டில் பெரியவர்கள் செய்யும் ஒரு வேலையை நடித்துக் காட்ட வேண்டும். நான் தைத்த பொம்மையை மேசைமேல் வைத்தேன். ஒருத்தி கோழிக்குத் தீனி போட்டாள். ஒருவன் லாரி ஓட்டி, சுவரில் மோதியும் காட்டினான். வகுப்பு கலகலத்தது.

அப்புறம் சரசு எழுந்து வந்தாள். ஏழு வயசு. வாயே திறக்காத பெண்.

பொம்மையை மடியில் போட்டுக்கொண்டாள். சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் குழைத்து, விரலால் தொட்டு அதன் வாயில் தடவினாள். மெல்ல ஆட்டினாள். ஓரமாகக் கிடத்தினாள். தாலாட்டு ஒன்றுதான் பாக்கி என்று நினைத்து, 'வெரி குட்' என்று கைதட்டினேன். தட்டியது நான் மட்டும்தான்.

"இனி அழுவாதுங்க டீச்சர்," என்றாள் சரசு.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இன்னொருத்தி, கணக்கில் தப்பைத் திருத்துவது போல, நிதானமாகச் சொன்னாள்: "மொகத்தைச் செவுத்துப் பக்கம் திருப்பி வெக்கோணும்."

சரசு திருப்பி வைத்தாள். எல்லாத் தலைகளும் 'சரி' என்று ஆடின. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. 

பிறந்தது பெண் என்றால் நம் பக்கத்துச் சில வீடுகளில் என்ன செய்வார்கள் என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். நானும் கேள்விதான் பட்டிருந்தேன். இது உங்கள் வீட்டுப் பாப்பாவா என்று சரசுவிடம் கேட்டேன்.

"இது போன பாப்பாவுக்குச் செஞ்சதுங்க. புதுப் பாப்பா நேத்துத்தான் பொறந்துச்சு. அத்தை பாத்துக்குது."

ஹெட்மாஸ்டரிடம் ஓடினேன். நல்ல மனுஷர். வந்தோமா, பாடம் எடுத்தோமா, போனோமா என்று இருக்கச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மதிய இடைவேளையில் சரசுவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தொட்டிலில் அழுகைச் சத்தம். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. தொட்டிலருகே அத்தை. அவள் கைக்கெட்டும் தூரத்தில் பிள்ளைக்குப் புகட்டுகிற பாலாடை ஒன்று, தட்டால் மூடியிருந்தது. உள்ளே என்ன? பார்க்க எனக்குத் தைரியமில்லை.

"மூணாவதும் பொட்டைப் புள்ளைங்க சாமி," என்றாள் அத்தை. மரியாதையாகத்தான் சொன்னாள். உட்காரப் பாயும் போட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

பொய் தானாக வாயில் வந்தது. பாடக்குறிப்பு நோட்டைத் திறந்தேன். பிறந்த குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் பதியச் சொல்லி சர்க்கார் உத்தரவு, தினமும் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு குழந்தை குறைந்தாலும் ஜீப் வரும் என்று அடித்துவிட்டேன். பெயர் கேட்டேன். இன்னும் வைக்கவில்லையாம். ஜெயா என்று நானே வைத்து, நானே எழுதிக்கொண்டேன்.

மிச்ச நாளெல்லாம் தவறாமல் போனேன். ஞாயிற்றுக்கிழமைகூட. முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். அப்புறம் கையெழுத்துப் போடுவேன், அத்தை கைநாட்டு வைப்பாள். பாப்பா கன்னத்தில் சதை போட்டது. என்னைக் கண்டால் காலை உதைத்தது.

கடைசி நாள் பஸ் நிறுத்தம்வரை பிள்ளைகள் வந்தார்கள். எல்லாரும் திரும்பிய பிறகும் சரசு நின்றாள். என் பையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்கு பாப்பாவைப் பாக்க யாருங்க டீச்சர் வருவாங்க?"

பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன்.

ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பீர்கள். நான் போகாதவரைக்கும் ஜெயாவுக்குப் பத்து வயசு.