மார்த்தாண்ட ராசாவின் தொட்டி

நெடுந்தீவில் ஓட்டோ ஓட்டும் தயாபரனுக்குச் சரித்திரம் முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. அதில் பாதி உண்மை. இறங்குதுறையில் ஏறியவர்களுக்கு முதல் வளைவு வருமுன்னே நாட்டின் பெயர்களை ஒப்புவித்துவிடுவான். கிரேக்கன் தப்ரபேன் என்றான், அரபிக்காரன் செரெண்டிப் என்றான், வெள்ளைக்காரன் சிலோன் என்றான், நாங்கள் ஈழம் என்றோம். ஒல்லாந்தனோ தன் ஊர்ப் பெயரையே கப்பலில் கொண்டுவந்து இந்தத் தீவின் தலையில் வைத்துவிட்டுப் போனான். இவ்வளவும் மெய். சனமோ கொட்டாவி விட்டது.

ஆகவே ஒருநாள் ஓட்டோவைத் தன் வளவுக் காணியடியில் நிறுத்தினான். அங்கே அவனுடைய பாட்டன் இளையதம்பி கடல் முருகைக்கல் அடுக்கிக் கட்டிய மதிலும், மாடு தண்ணீர் குடிக்கக் குடைந்த கல் தொட்டியும் கிடந்தன. இது மார்த்தாண்ட ராசாவின் அரண்மனை, அது இராணி குளித்த தொட்டி என்று கையை நீட்டினான். மார்த்தாண்டன் என்பது பாட்டன் வளர்த்த நாம்பன் மாட்டின் பெயர். கொட்டாவி நின்றுவிட்டது. எட்டு வருசம் அந்த நாம்பன் ஆட்சி செய்தது. யாரோ ஒருவர் கைபேசியில் படம்பிடித்து உலகத்துக்கே காட்டினார்.

மகள் நிலாந்தினிக்குச் சம்பந்தம் சரிவந்தது. சீதனமாக அந்த வளவில் ஒரு வீடு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டது அவ்வளவுதான். அத்திவாரம் வெட்டிய கிழமையே தொல்பொருள் திணைக்களத்து ஆட்கள் நாடாவோடும் முளைகளோடும் வந்து இறங்கினார்கள். புராதனச் சின்னமாம், ஒரு கல்லும் அசைக்கக் கூடாதாம்.

தயாபரன் காணி உறுதியைக் கொண்டோடினான். அதில் பாட்டன் வாங்கிய வருசம்தான் இருந்தது. அதற்கு முன் யாருடையது என்று அதிகாரி கேட்டார். அதற்கான பதிலை எட்டு வருசமாகத் தெருவில் நின்று சொன்னவன் அவன்தானே.

"ஐயா, உது நான் விட்ட புளுகு," என்றான். "அந்தத் தொட்டியிலை எங்கடை மாடுதான் தண்ணி குடிச்சது."

"காணிக்காரர் எல்லாரும் இப்ப உப்பிடித்தான் சொல்லுறவை," என்று அதிகாரி முளையை அடித்தார்.

மாப்பிள்ளை வீட்டார் ஆடி முடியும்வரை பொறுத்தார்கள். பிறகு புளியங்கூடலில் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். நிலாந்தினி வேலணையில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சனி ஞாயிறுகளிலும் வீட்டுக்கு வருவதில்லை. மனைவி கோசலா ஒரு தரம்தான் வாய் திறந்தாள்.

"மாட்டுக்கு ராசமுடி வைச்சியள். பிள்ளைக்கு ஒரு கூரை வைக்க ஏலாமப் போச்சு."

பிறகு மூன்று மொழியிலும் பலகை நட்டார்கள். அதில் மார்த்தாண்டனும் இல்லை. தயாபரன் கேள்வியே பட்டிராத எங்கோ தூரத்து ராசா ஒருவர் அந்த மதிலைக் கட்டியிருந்தார். தன் பொய்யையாவது விட்டுவைத்திருக்கலாமே என்று அவன் வெகுநேரம் பலகையைப் பார்த்து நின்றான்.

போன மாதம் கொழும்பிலிருந்து வந்த குடும்பமொன்று அந்த இடத்தைக் காட்டச் சொன்னது. ஓட்டோவை நிறுத்தினான். அத்திவாரக் கிடங்கில் நாயுண்ணிச் செடி மண்டிக் கிடந்தது.

"உந்த மதிலை உண்மையிலை ஆர் கட்டினது அண்ணை?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கேட்டாள்.

"என்ரை அப்பு, இளையதம்பி. ரெண்டு கோடை எடுத்தது."

அவள் கணவனைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். நல்ல பகிடிக்காரன் என்று சொல்லி, அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பலகையைப் படம் எடுத்தார்கள்.