காவல்காரர் பயந்த கதை

வக்கீலம்மாவுக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. கட்சிக்காரர் நாற்காலியில் இருப்பார். இவர் ஜன்னலுக்கும் பீரோவுக்கும் நடுவே நடந்துகொண்டே கேள்வி கேட்பார். வாடகை ஆபீசுக்கா, நடைபாதைக்கா என்று கணவர் கேலி செய்வதுண்டு. அந்த வாரம் வீட்டிலும் அதே நடைதான். சோறு இறங்கவில்லை. அடுப்புக்கு எதிரே நின்றபோதே பால் பொங்கி வழிந்தது.

காரணம், ஒரு நகைக்கடைக் காவல்காரர். நிலைப்படியை அடைத்துக்கொண்டு நிற்கும் உடம்பு. கடைவாசலில் குடிகாரன் ஒருவன் உடைந்த பாட்டிலோடு இவர்மேல் பாய்ந்திருக்கிறான். இவர் ஸ்டூலைத் தூக்கி ஒரே போடு. அவன் கை முறிந்தது, இவர்மேல் வழக்கு விழுந்தது. உயிருக்குப் பயந்து தடுத்தேன் என்றால் தற்காப்பு, தப்பித்துவிடலாம். மனுஷனோ, "அவனுக்குப் பாடம் புகட்டினேன்" என்று தெருவெல்லாம் மார்தட்டியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

"பயந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. இல்லேன்னா ஜெயில்தான்."

"வேற ஏதாவது சொல்றேன் மேடம்."

வறட்டுக் கௌரவம் என்று வக்கீலம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீங்கள் உள்ளே போய்விட்டால் பிள்ளைகளை யார் பார்ப்பது, மீசையா சோறு போடும் என்று பொரிந்து தள்ளினார்.

விசாரணையன்று, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமலே வக்கீலம்மா அவரைக் கூண்டில் ஏற்றினார். ஏன் அடித்தீர்கள் என்று கேட்டார். காவல்காரர் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அங்கே கடை முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"பயந்துட்டேங்க. கைகாலெல்லாம் உதறிடுச்சு. ஸ்டூலைத் தூக்கினதே எனக்குத் தெரியலை."

யாரோ சிரித்தார்கள். அப்படியானால் தெருவில் பேசியது என்ன என்று அரசு வக்கீல் மடக்கினார். பயந்ததை மறைக்கத்தான் அப்படிப் பேசினேன் என்றார் காவல்காரர். சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிற குரல் இல்லை அது. வாதத்துக்காகத் தான் கேட்ட பயம் நிஜமாகவே அவருக்குள் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் வக்கீலம்மாவுக்கு உறைத்தது.

தீர்ப்பு சாதகமாகவே வந்தது. வராந்தாவில் முதலாளி அவரை ஓரமாகக் கூப்பிட்டார். நாளைக்கு யூனிஃபார்மைக் கொடுத்துவிடச் சொன்னார்.

"பயப்படுற ஆளை வாசல்ல நிறுத்திட்டு நான் எப்படிப்பா தூங்குறது?"

வக்கீலம்மா சண்டைக்குப் பாய்ந்தார். காவல்காரர் கைகாட்டித் தடுத்தார்.

"அவரைத் திட்டாதீங்க மேடம். இது தெரிஞ்சுதான் அன்னிக்கு மாட்டேன்னேன். எனக்கு வேற தொழில் தெரியாது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அடுத்த கடையில, அங்கேருந்து ஏன் நின்னுட்டேன்னு கேப்பாங்க. இப்ப என்ன சொல்லட்டும்?"

கோர்ட்டில் அவர் சொல்லவேண்டிய வார்த்தையைச் சட்டென்று எடுத்துக்கொடுத்த வக்கீலம்மா, வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்க ஆரம்பித்தார்.