பொந்துக்குள் இருந்த இருவாச்சி

பாளையங்கோட்டையில் நான் சிறிய போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தேன். கல்யாண ஜோடிகளையும் பள்ளிக்கூட வாத்தியார்களையும், சில வேளை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்த பிணங்களையும் படம் எடுத்தேன். சீமைக்குத் திரும்பிப்போன டாக்டர் துரை ஒருவர் தம் தூரத்து லென்ஸை எனக்குத் தந்துவிட்டுப் போனார். தொலைவில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துக் காட்டும் பித்தளைக் குழல் அது. அது கைக்கு வந்ததிலிருந்து மனிதர்களின் முகம் எனக்குச் சலித்துவிட்டது.

என் மனைவியின் தம்பி பாபநாசம் மலையில் காட்டிலாகா குமாஸ்தா. மாசியில் ஊருக்கு வந்தவன் சொன்னான்: "அத்தான், அங்கன ஒரு இருவாச்சிப் பறவைக் கூடு இருக்கு. பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி வாசலை அடைச்சுக்கிட்டு முட்டையிடுது. மூக்கு நீட்டுத அளவுக்குத்தான் சந்து. ஆணு பழங்கொண்டாந்து ஊட்டுது. வந்தியன்னா எடுக்கலாம்லா."

அம்பாசமுத்திரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து மாட்டுவண்டியில் பாபநாசம் சேர்ந்து, பிறகு மலை ஏறினோம். படம் விழும் கண்ணாடிப் பிளேட்டுகள் உடையாமல் இருக்க வேட்டிகளில் சுற்றி என் தோளிலேயே சுமந்தேன்.

மரம் ஆற்றுக்கு மேலே சரிவில் நின்றது. கிளை தொடங்கும் உயரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். எதிர்ப் பாறையில் காமிரா முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டேன். காமிராக் கண்ணாடியில் பொந்து தலைகீழாகத் தெரிந்தது. சந்தில் ஒரு மூக்கின் நுனி.

ஆண் வரும்போது சிறகுச் சத்தம் ரயில் வருவதுபோல் முதலில் கேட்கும். பிறகு பட்டையைப் பற்றிக்கொண்டு, தொண்டையிலிருந்து அத்திப்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கொடுக்கும். அந்த லென்ஸுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும்; மூடியைத் திறந்தால் ஒரு மூச்சு நேரமாவது எதுவும் அசையக் கூடாது. பறவை அசைந்தது. அது நின்றபோது காற்றில் முக்காலி ஆடியது. நாங்கள் தங்கியிருந்த காட்டிலாகா பங்களாவின் சமையற்கட்டை இருட்டாக்கிப் பிளேட்டுகளைக் கழுவினேன். மரப்பட்டையின் வெடிப்பெல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. பறவை இருந்த இடத்தில் வெறும் புகை.

முக்காலியின் கீழ் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். பழம் கொடுத்த பின் அது தலையைச் சாய்த்துச் சிறிது சும்மா இருப்பதைக் கண்டுகொண்டேன். நாளை கிடைத்துவிடும் என்று மைத்துனனிடம் சொன்னேன்.

மறுநாள் அது வரவில்லை. வெயில் ஏறியது, சிறகுச் சத்தம் எங்கும் இல்லை. என்னவென்று விசாரிக்க மைத்துனன் பங்களாவுக்குப் போனான். திரும்பியவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"சுட்டுட்டாவ அத்தான். ஆபீசரைப் பாக்க வந்த விருந்தாளி. சமையக்காரன் எறகைப் புடுங்கிட்டிருக்கான். மூட்டுவலிக்கு எண்ணெ காச்சணுமாம்."

"நீ ஒண்ணும் கேக்கலியா?"

"நான் போயி என்னன்னு கேக்க?"

அன்று முழுவதும் மூக்கு நுனி சந்திலேயே இருந்தது. அத்திப்பழம் பொறுக்கினோம். மூங்கில்களை ஒன்றோடொன்று கட்டி, நுனியில் பழத்தைக் குத்தி உயர்த்தினோம். பாதியிலேயே மூங்கில் வளைந்தது. பட்டையில் இடித்துப் பழங்கள் விழுந்தன. அந்தச் சத்தத்துக்கு மூக்கு உள்ளே போயிற்று. மைத்துனன் மரத்தில் ஏறப் பார்த்தான். அணைக்க முடியாத பருமன். சறுக்கி விழுந்து முழங்கையைக் கிழித்துக்கொண்டான்.

"பசிச்சா அதுவே ஒடச்சுக்கிட்டு வெளிய வந்துரும்லா?" என்றேன்.

"வரும் அத்தான். வராம என்ன?"

இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம். உள்ளிருந்து கொத்தும் சத்தம் எதுவும் வரவில்லை. சற்றுப் பொறுத்து மூக்கு மறுபடி சந்துக்கு வந்தது. வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்தது. காற்றும் இல்லை.

"பைய படம் எடுங்க" என்றான் அவன்.

மூடியைத் திறந்தேன். ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. மூக்கு அசையவே இல்லை. மூடினேன்.

மறுநாள் சந்தில் ஒன்றும் தெரியவில்லை. அதற்கு அடுத்த நாளும் உட்கார்ந்து பார்த்துவிட்டு நான் மலையை விட்டு இறங்கினேன்.

வீட்டில் பிரிண்ட் போட்டேன். மூக்கின் விளிம்பில் இருந்த சிறு பிளவுகூடத் தெரிந்தது. அத்தனை கூர்மையான படத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் எடுத்ததில்லை. மனைவி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"என்ன இருக்கு இதுல? ஒரு பொந்துதான கெடக்கு" என்றாள்.

அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் படத்தைத் திருப்பித் தந்தாள். "தம்பிகிட்ட போயிப் பாக்கச் சொல்லுங்க. வெளிய வந்திருக்கும்."

ஆனியில் நானே போனேன். மைத்துனனும் கூட வந்தான். சாரல் பிடித்து மரம் கறுத்து நனைந்திருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பொந்தைப் பார்த்தேன். அடைப்பு விரிசல்கூட விடாமல் அப்படியே இருந்தது. அவனும் பார்க்கட்டும் என்று விலகினேன். அவன் நெடுநேரம் துணிக்குள்ளேயே இருந்தான். தோள் மட்டும் குலுங்கிற்று. நான் மழையில் நனைந்துகொண்டு பக்கத்தில் நின்றேன்.