எங்கள் வீட்டில் சீழ் வந்த நாள்

என் மகனுக்கு ஏழாம் மாதம் காது குத்தினோம். மற்றப் பிள்ளைகளுக்கு நாலைந்து நாளில் காது சீழ் பிடிக்கும். இவனுக்கு ஒரு பொட்டு இல்லை. "எங்க ரத்தம் அப்படிலே" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார் என் கணவர். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் நிலங்களுக்கு உரத்துக்காக ஆட்டுக்கிடை போடும் குடும்பம் எங்களுடையது. பீற்றிக்கொள்வதில் நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை.

பத்தாம் நாள் காதுமடல் கறுத்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை. மதுரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

வெள்ளையணுக்கள் (கிருமியை எதிர்க்கும் ரத்த அணுக்கள்) அவனுக்கு அளவுக்கு மேலேயே இருந்தன. பிறகு ஏன் புண் ஆறவில்லை? அதைக் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது.

"அணு நிறைய இருக்கும்மா. ரத்தக் குழாயை விட்டு வெளிய வரத்தான் முடியல" என்றார் மருத்துவர். ஓடும் பேருந்திலிருந்து இறங்குகிறவர் கம்பியைப் பிடிப்பதுபோல, அணுவின் மேலுள்ள ஒட்டுப் புரதங்கள் குழாயின் சுவரைப் பிடிக்க வேண்டுமாம். அந்தப் புரதங்களின் நுனியில் இருக்க வேண்டிய ஃபுகோஸ் (ஒருவகைச் சர்க்கரை) இவனுக்கு இல்லை. அணுக்கள் புண்ணுக்கு வந்து சேர்ந்தால்தான் சீழே உண்டாகும். நாங்கள் பெருமையடித்தது நோயை வைத்துத்தான்.

"சொந்தத்துல கட்டினீங்களா?" என்று கேட்டார். தாய்மாமனைத்தான் கட்டியிருந்தேன். அன்றைக்கு முழுதும் அழுதேன். ஒரு நாள் போதும் என்று நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் என் கணவர் இரண்டு கிலோ கடலை மிட்டாயோடு வந்து நின்றார். "இனிப்புதான சார் கொறச்சல்? நம்மூர்ல இல்லாததா?" அதை வார்டே தின்று தீர்த்தது.

மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "இது வேற சர்க்கரை. எலிகளுக்கு உடம்புல இந்தச் சர்க்கரை உண்டாகாம பண்ணிப் பார்த்திருக்காங்க. வாய்வழியா குடுத்ததும் அணு மறுபடி ஒட்டிச்சு. பிள்ளைகள்ல சிலருக்குத்தான் பலிச்சிருக்கு. பலிச்சாலும் வளர்ச்சி மெதுவாத்தான் இருக்கும்."

"எலிக்குக் கேட்ட மருந்து எம்புள்ளைக்குக் கேக்காதா? குடுங்க சார்" என்றேன்.

பொடி வெளிநாட்டிலிருந்து வந்தது. தினம் ஐந்து வேளை தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். ஒரு வேளைகூடத் தப்பவிட்டதில்லை. இதைப் பெருமையாகவே எழுதுகிறேன்.

பொடி கொடுக்கத் தொடங்கிய மூன்றாம் மாதம், முற்றத்தில் தவழும்போது அவன் உள்ளங்கையில் உடைமர முள் ஏறிவிட்டது. முள்ளை எடுத்துவிட்டு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். இரண்டாம் நாள் அந்த இடத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்திருந்தது.

"மாமா, இங்கன வந்து பாருங்க!"

அவர் புண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தெருவில் இறங்கி, "ஏலே, எம்மவனுக்குச் சீப்புடிச்சிருக்குலே!" என்று கூவினார். இவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சனம் கூடிவிட்டது.

இதே நோயோடு பிள்ளையை வைத்திருக்கும் தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் வளர்ச்சியோடு உங்கள் பிள்ளையை ஒப்பிடாதீர்கள். இவன் நாலரை வயதில்தான் நடந்தான். இன்னும் ஏழெட்டு வார்த்தைதான் பேசுகிறான். மாதங்களை எண்ணுவதை நான் விட்டுவிட்டேன். ஒரு காயம் வந்து ஆறும் நாட்கள்தான் எனக்குக் கணக்கு.

நேற்று வாசலில் ஓடி விழுந்தான். முட்டியில் ரத்தம். அந்த ரத்தத்துக்கு இப்போது தன் வேலை தெரியும். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.