மூன்று வருஷம் கேட்காமல் விட்ட குரல்

என் தங்கச்சியிடம், "நீயும் செத்துப் போயிட்டேன்னு நினைச்சுக்கிறேன்" என்று சொன்னவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு ஆண்டவர் எனக்குச் செய்ததை மட்டும் சொன்னால் அது சாட்சி ஆகாது.

என் பெயர் சவரிமுத்து. வயது ஐம்பத்தாறு. மலேசியாவில் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறேன். வெட்டிப் போட்ட குலைகளை ஏற்றிக்கொண்டு போய் எண்ணெய் ஆலையில் கொட்டுவது என் வேலை. எங்கள் தோட்டத்து அந்தோணியார் கோயில் சின்னது. ஃபாதர் மாதம் ஒரு தடவைதான் பூசைக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் சனங்களே கூடிச் செபமாலை சொல்வார்கள். நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.

தங்கச்சி லூர்து என்னைவிட எட்டு வயது இளையவள். நர்ஸ் படிப்பு படித்தாள். பிறகு மடத்தில் சேர்ந்து சிஸ்டர் ஆனாள். சபையில் அவளைக் கரீபியன் கடலில் இருக்கும் ஒரு தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு மிஷன் இருந்தது. ஒரு பள்ளிக்கூடம், ஒரு மருந்தகம், நாதியில்லாத வயசானவர்களுக்கு ஓர் இல்லம். அந்தத் தீவின் பெயர்கூட எனக்கு வாயில் சரியாக நுழையாது. இங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் அங்கே காலை ஆறு மணி. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசி நாலு நாளும், "லூர்து வந்துட்டாளா?" என்றுதான் கேட்டார். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கேட்டார். "வந்துகிட்டே இருக்காம்மா" என்று நான் பொய் சொன்னேன். அவள் வரவே இல்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் போன் செய்தாள். "அண்ணே" என்றாள். அடுத்த வார்த்தை பேச நான் விடவில்லை. அப்போது சொன்னதுதான், நான் முதலில் சொன்ன அந்த வார்த்தை.

அதற்குப் பிறகு அவள் போன் செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கைப்பேசிக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவாள். மூன்று நிமிஷம், நாலு நிமிஷம் இருக்கும். நான் எதையும் கேட்டதில்லை. அழிக்கவும் இல்லை. என் மனைவி பிலோமினா, "ஒரு தடவை கேட்டாத்தான் என்ன? உங்க கூடப் பொறந்தவதானே?" என்பாள். நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் செம்பனைக் காட்டுக்குள் குலை ஏற்றிக்கொண்டிருந்தேன். பிலோமினா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கேயே வந்துவிட்டாள். அவள் அப்படி வந்ததே இல்லை.

"தலைமை மடத்திலேருந்து போன் வந்துச்சுங்க. லூர்து இருக்கிற தீவுல பெரிய புயலாம். ரெண்டு நாளா யார்கூடவும் பேச முடியலையாம்."

மீதிக் குலைகளையும் ஏற்றி முடித்தேன். ஆலைக்குப் போய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் பதினொரு லோரி. இஞ்சினை நிறுத்தினேன். நீயும் செத்துப் போயிட்டே என்று சொன்னது நான்தானே என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. என் வாயிலிருந்து வந்ததை ஆண்டவர் எடுத்துக்கொண்டுவிட்டாரோ என்று பயந்தேன்.

அந்த வரிசையில் உட்கார்ந்துதான் முதல் பதிவைத் திறந்தேன்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அண்ணி நல்லா இருக்காங்களா?" என்று ஆரம்பித்தாள். சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அன்றைக்கு மிஷனில் நடந்ததை மட்டும் சொன்னாள். மழைத்தண்ணீர்த் தொட்டியில் செத்த பல்லி கிடந்ததாம். தொட்டி முழுவதையும் இறைத்துக் கழுவினார்களாம். பள்ளிப் பிள்ளைகள் குளித்துவிட்டு வர வழியில்லாமல் அப்படியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்களாம்.

அந்த வாரம் முழுக்க வேலை நேரத்தில், சாப்பிடும் நேரத்தில், வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் என் தங்கச்சியின் குரலைத்தான் கேட்டேன். ஐந்தரை மணிக்கு மணி அடிப்பதும், பூசை முடிந்ததும் அவள் இல்லத்துப் பெரியவர்களைக் குளிப்பாட்டப் போவதும் எனக்குப் பழக்கமாகிவிட்டது. எட்டு மணிக்கு மருந்தகம் திறப்பாள். புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் பெரும்பாலும் வேலை. சில வாரம் பஞ்சு இருக்காது, பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்துக் கொதிநீரில் போட்டு எடுப்பாள். மத்தியானம் சுக்குன் என்கிற ஈரப்பலாக் காயை அவித்துச் சாப்பாடு. நாம் இங்கே எண்ணெயில் பொரிக்கிற அதே சுக்குன். கறிவேப்பிலைச் செடி வைத்துப் பார்த்தாளாம், மூன்று தடவையும் கருகிப்போனதாம்.

கூட இருந்தது சிஸ்டர் கிளாரா ஒருத்திதான். இந்தோனேசியாவில் புளோரஸ் தீவுக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, லூர்துவுக்கு அவள் ஊர்ப் பேச்சு தெரியாது. ஆனால் இரண்டு பேருக்கும் மலாய் வரும். "அடுப்படியில நாங்க மலாய்லதான் அரட்டை அடிப்போம்ணே. இங்க உள்ளவங்க எங்களை வெறிச்சுப் பார்ப்பாங்க" என்று ஒரு பதிவில் சிரித்தாள். பின்னால் கிளாராவும் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இல்லத்தில் ஒரு கிழவி இருந்தார். குடும்பப் பெயர் முத்துசாமி. அவருடைய முன்னோர்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் கொண்டுபோனார்களாம், நம்மை இங்கே ரப்பர் பால்மரம் வெட்டக் கொண்டுவந்த மாதிரி. அவருக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. நடக்கவும் முடியாது. லூர்து தமிழில் மங்கள வார்த்தை செபம் சொன்னால் புரியாமலேயே கேட்டுக்கொண்டிருப்பாராம்.

வெள்ளிக்கிழமை ஒரு பதிவைத் திறந்தேன். அம்மாவின் முதல் நினைவு நாளுக்கு அவள் அனுப்பியது. அதை மட்டும் அழுதுகொண்டே பேசியிருந்தாள்.

"அண்ணே, நீங்க கேட்பீங்களான்னு தெரியல. நான் கிளம்பினேண்ணே. பையைத் தூக்கிக்கிட்டுப் படகுத்துறை வரைக்கும் போயிட்டேன். அன்னைக்குன்னு பார்த்து ஒரு பொண்ணுக்கு ஏழு மாசத்துலயே வலி கண்டுடுச்சு. டாக்டர் வேற தீவுல. பிரசவம் பார்க்கத் தெரிஞ்ச கை என்னோடது மட்டும்தான். திரும்பிட்டேன். அடுத்த படகு அஞ்சு நாள் கழிச்சுத்தான். பிள்ளை பொழைக்கல. தாய் பொழைச்சா. அம்மாவையும் பார்க்க முடியல. நான் செஞ்சது சரியான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலண்ணே."

லோரியை ஓரங்கட்டினேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். இதைச் சொல்லத்தானே அவள் அன்றைக்குப் போன் செய்தாள்?

மத்தியான வெயிலில் நேரே கோயிலுக்குப் போனேன். சாவி எங்கள் உபதேசியார் லாசர் அண்ணனிடம் இருந்தது. என் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, நான் சொன்னதைக் கணக்கில் எடுக்காதேயும். அது கோபத்தில் வந்தது. என் தங்கச்சியைக் கொடும்" என்று கதறினேன். வேறு செபம் எனக்கு வரவில்லை.

செபம் செய்த உடனே பதில் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. சனிக்கிழமை போனது. ஞாயிறு போனது. அந்த ஞாயிறு புதிய பதிவு வரவில்லை. திங்கட்கிழமை தலைமை மடத்திலிருந்து மறுபடியும் போன் வந்தது. மிஷனில் பள்ளிக்கூடமும் இல்லமும் இடிந்து விழுந்துவிட்டன. ஒரு சிஸ்டரின் உடலை எடுத்திருக்கிறார்கள். எந்த சிஸ்டர் என்று தெரியவில்லை. இன்னொரு சிஸ்டரைக் காயத்தோடு படகில் வேறு தீவுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இரண்டு பேரில் ஒருத்தி.

அன்றைக்கு நான் என்ன வேண்டினேன் என்பதை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன். செத்தது லூர்துவாக இருக்கக் கூடாது என்று வேண்டினேன். அப்படியென்றால் கிளாராவாக இருக்கட்டும் என்றுதானே அர்த்தம்? சிரித்துப் பேசிய அந்தப் பிள்ளையின் சாவை நான் கேட்டேன். கேட்கிறேன் என்று தெரிந்தேதான் கேட்டேன். வாய் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தோட்டத்துச் சனங்கள் கோயிலில் லூர்துவுக்காகச் செபமாலை வைத்தார்கள். நாலாவது தேவ இரகசியம் சொல்லிக்கொண்டிருக்கும்போது என் சட்டைப் பையில் போன் அடித்தது. தெரியாத நம்பர். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

"அண்ணே."

எல்லோரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். பிலோமினா போனைப் பிடித்து, "லூர்து! லூர்து!" என்று கத்தினாள்.

"கிளாரா போயிட்டாண்ணே," என்றாள் லூர்து. முதலில் சொன்னது அதைத்தான். நடக்க முடியாத அந்த முத்துசாமிக் கிழவியைத் தூக்கிவர கிளாரா உள்ளே போனாளாம். கூரை இறங்கிவிட்டதாம். இரண்டு பேருமே போய்விட்டார்கள். லூர்து பிள்ளைகளோடு மிஷன் கோயில் சுவரோரம் இருந்திருக்கிறாள். பிள்ளைகள் எல்லாரும் தப்பித்தார்கள். உத்திரம் விழுந்து அவளுடைய இடது கால் நசுங்கிப் போனது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"நீ வந்துடும்மா. அண்ணன் பார்த்துக்கிறேன். வந்துடு" என்றேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் அவளிடம் பேசியது இதுதான்.

"இல்லண்ணே. கால் ஆறினதும் நான் அங்கேயே திரும்பிப் போறேன். பிள்ளைங்க கூரை இல்லாம இருக்குதுங்க."

எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை, வந்தது. ஆனால் இந்தத் தடவை அவளைப் பேசவிட்டேன். பேசிக் களைத்துப் போகும்வரை கேட்டேன். கோயிலில் எல்லோரும் அழுதார்கள். லாசர் அண்ணன் விட்ட இடத்திலிருந்து செபமாலையைத் தொடர்ந்தார். என் செபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் என்னால் சந்தோஷப்பட முடியவில்லை.

சில வாரம் கழித்து லூர்து ஒரு நம்பர் அனுப்பினாள். "கிளாராவோட அம்மா நம்பர்ணே. அவங்களுக்கு மலாய் புரியும். எனக்கு இன்னும் தைரியம் வரல. நீங்க பேசுறீங்களா?" என்று கேட்டாள். இரண்டு வாரம் நான் அந்த நம்பரைத் தொடவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? கடைசியில் ஒரு ஞாயிறு, செபமாலை முடிந்து கோயில் வாசலில் நின்று கூப்பிட்டேன். யார் என்று சொன்னேன்.

"உன் தங்கச்சி கால் எப்படி இருக்கு?" என்று அந்தத் தாய் மலாயில் கேட்டார்.

"ஆறிக்கிட்டு வருது, மாக்" என்றேன். மலாயில் அம்மா என்பதற்கு வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. அப்புறம் அடக்க முடியவில்லை. நான் என்ன வேண்டினேன் என்பதைச் சொல்லிவிட்டேன். உடைந்த மலாயில், அரையும் குறையுமாகச் சொன்னேன். மன்னித்துவிடுங்கள் என்றேன்.

அவர் அழுதார். ரொம்ப நேரம் அழுதார். பிறகு சொன்னார்: "நானும் அதையேதான் வேண்டினேன், மகனே. இன்னொரு பிள்ளையா இருக்கட்டும்னு வேண்டினேன். நீயும் என்னை மன்னிச்சிடு."

சகோதர சகோதரிகளே, இரண்டு வீட்டிலும் ஒரே செபம். ஏன் என் வீட்டுக்கு மட்டும் பதில் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. என் விசுவாசத்தைப் பார்த்து அவர் தரவில்லை. என்னிடம் அப்படி ஒன்றும் இல்லை. அவர் தந்தார், நான் வாங்கிக்கொண்டேன். அதற்கு நன்றி சொல்லி முடியாது.

இன்றைக்கு லூர்து ஊன்றுகோலோடு அந்தத் தீவில்தான் இருக்கிறாள். கூடாரத்தில் மருந்தகம் நடத்துகிறாள். ஞாயிறுதோறும் பேசுகிறாள், நானும் பேசுகிறேன். அந்தோணியார் கோயிலைக் கூட்டித் திறந்துவைப்பது இப்போது என் வேலை. அந்தத் தாயையும் மாதம் ஒரு முறை கூப்பிடுகிறேன். பெரிதாக ஒன்றும் பேசமாட்டோம். சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா, அவ்வளவுதான்.

கூடப் பிறந்தவர்களோடு முகம் பார்க்காமல் இருப்பவர்கள் இங்கே யாராவது இருந்தால், ஆண்டவரை நம்பி நீங்களே முதலில் கூப்பிடுங்கள். புயல் வரும்வரை காத்திருக்காதீர்கள். இன்னும் ஒன்று கேட்கிறேன். என் சாட்சியைக் கேட்டு ஆண்டவருக்கு நன்றி சொல்லப் போகிறீர்கள். அதற்கு முன்னால் எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கேட்டது கிடைக்காமல் போன அந்தத் தாயின் பெயர் மார்த்தா. அவருக்காக ஓர் 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லுவோம். நானே தொடங்குகிறேன்.